வழியில் பட்ட கடன்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பிரயாண இலக்கியம் பற்றி இன்று பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பிரயாண நூல் எழுதியோர் பெரும்பாலும் தாம் போய்ச் சேர்ந்த இடங்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோன இடங்களைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. ஆனால், நின்றுபோன இடத்தில்தான் பணமும் படிப்பும் உதவாமல், முகம் தெரியாத ஒருவரின் கையை எதிர்பார்த்து நாம் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நின்ற ஒரு நாளின் கதையை முதலில் சொல்கிறேன். அதன்பின் இலக்கியத்துக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதம். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு என் அம்மாவுக்கு நெடுநாளாக ஒரு நேர்த்தி இருந்தது. எனவே, உந்துவப் போயா தினத்தன்று விடியற்காலையில் வெள்ளவத்தையிலிருந்து நாம் ஐந்து பேர் புறப்பட்டோம். வானைக் கொண்டுவந்தவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு தம்பி. வானின் முன்பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் படம் ஒன்று. எம்மைப் போன்றவர்களை ஏற்றும் நாட்களுக்கென்றோ என்னவோ, அதற்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு பிள்ளையார் ஒருவரும் இருந்தார்.

கேகாலை கடந்து, மாவனல்லை கடந்து, ஹிங்குலைக்கு அப்பால் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகின்ற இடத்தில் வானின் முன்பக்கத்திலிருந்து வெண்புகை கிளம்பியது. தம்பி ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். வோட்டர் பம்ப் உடைந்து, றேடியேற்றர்த் தண்ணீர் முழுவதும் வழிந்தோடிக்கொண்டிருந்தது. “அண்ணை, இனி ஒரு அடி ஓட்டினாலும் எஞ்சின் போயிடும்” என்றார்.

அந்தக் கணத்தில் என் மனதில் என்ன தோன்றியது என்பதை நேயர்களிடம் நான் மறைக்க விரும்பவில்லை. பயந்தான் தோன்றியது. யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகள் சென்றிருந்தன. கையில் அடையாள அட்டை இருந்தது. வழிமறிப்பார் எவருமில்லை. இருந்தும், அறியாத ஊரின் வீதியோரத்தில் நிற்கிறோம் என்று உணர்ந்த மாத்திரத்தில் நான் பிள்ளைகளிடம் சொன்ன முதல் வார்த்தை, “தமிழிலை சத்தமாய்க் கதைக்காதேங்கோ” என்பதாகும். இதை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை. 1983ஆம் ஆண்டு ஆடியில் ஆறு வயதுப் பிள்ளையாக வெள்ளவத்தையில் இருந்தபோது என் அம்மா என்னிடம் சொன்ன அதே வார்த்தை, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் என் வாயிலிருந்து தானாகவே வந்தது.

வீதிக்கு மேற்புறமாக ஒரு வீடு. விகாரைக்குப் பூக்கொண்டு போய்த் திரும்பிய ஓர் அம்மையார், வெள்ளைச் சேலையுடன் வாசலில் நின்று எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தாமாகவே இறங்கி வந்தார். வானைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்றும் கேட்கவில்லை. என் அம்மாவைப் பார்த்து, “அம்மே, வெயிலில் நிற்க வேண்டாம், மேலே வாருங்கள்” என்று சிங்களத்தில் கூறிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டுத் திண்ணையில் வெறுந்தேநீரும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள இலக்கிய ஆசிரியர். தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார். போயா தினமாகையால் அவர் முயன்ற கடைகள் எல்லாம் பூட்டு. என்றாலும், அரை மணித்தியாலத்தில் மாவனல்லையிலிருந்து ஒரு முஸ்லிம் முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். எமக்காகக் கடையைத் திறந்து, ஒன்றுக்கு இரண்டு பம்புகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். “எந்த மொடல் என்று சரியாத் தெரியல்ல, ரெண்டையும் கொண்டு வந்தேன். பொருந்துறதை எடுங்க” என்றார் தமிழில். அதைக் கேட்டதும் என் இளைய மகள் என் காதுக்குள் கேட்டாள்: “அப்பா, இப்ப தமிழிலை கதைக்கலாமா?”

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்ன மறுமொழி சொல்வது? நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பழுது பார்ப்பதற்கு அயலிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வேலை முடிய மூன்று மணித்தியாலமாவது செல்லும் என்றார். அதுவரை பிள்ளைகள் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்ட ஆசிரியர், கண்டி பஸ்ஸொன்றை மறித்து எம்மை ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார். அம்மா மட்டும் அந்த அம்மையாருடன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இந்தக் கண்டி வீதியால் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அன்றுதான் அதைப் பார்த்தேன். நாம் கடந்து வந்த உத்துவன்கந்தை மலையைப் பற்றி ஆசிரியர் கூறினார். கொழும்பு - கண்டி வீதியில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்த சரதியல் ஒளிந்திருந்த மலை அது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று மக்கள் இன்றும் கதை சொல்வார்கள். 1864ஆம் ஆண்டு வைகாசி மாதம் அவன் கண்டியில் தூக்கிலிடப்பட்டபோது, உடன் தூக்கிலிடப்பட்டவன் அவனது நண்பனான மம்மலே மரைக்கார் என்ற முஸ்லிம். “இந்தப் பகுதியில் கள்வர்கூட இன பேதம் பார்க்கவில்லை” என்று சொல்லிச் சிரித்தார் ஆசிரியர்.

ஏற்றத்தின் ஓரத்தில் ஒரு பழைய அம்பலம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்கென அமைக்கப்பட்டது. அதனைக் கண்டதும் யாழ்ப்பாணத்து மடங்களும், சுமைதாங்கிகளும், மாடுகள் உடம்பைத் தேய்ப்பதற்கு நாட்டிய ஆவுரோஞ்சிக் கற்களும், பருத்தித்துறைத் தெருமூடி மடமும் நினைவுக்கு வந்தன. இவற்றைக் கட்டியவர்கள் யாருக்காகக் கட்டினார்கள்? இன்னும் பிறவாதவனுக்காகவும், இந்த வழியால் ஒருமுறை மட்டுமே போகிறவனுக்காகவும் அல்லவா?

சிறிது மேலே, பாறையைக் குடைந்து அமைத்த வாயில். இன்றைய வீதி அதற்குப் பக்கத்தால் போகிறது. குடைந்த பாறையினூடாகப் பிள்ளைகள் நடந்து, கூவி, எதிரொலி கேட்டு மகிழ்ந்தார்கள். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி இராச்சியம் வசப்படும் என்று முற்காலத்தில் ஒரு வாக்கு இருந்ததாம். அதனாலேயே ஆங்கிலேயர் பாறையைத் துளைத்தார்களாம். இது மக்கள் சொல்லும் கதை. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் பத்தலேகலை தெரிகிறது. விரித்த புத்தகம்போல் இருப்பதனால் ஆங்கிலேயர் அதற்கு வேதாகமப் பாறை என்று பெயரிட்டார்கள்.

கடுகண்ணாவை உச்சியில் டோசன் கோபுரம். ஆளுநர் எட்வேர்ட் பான்ஸ் காலத்தில் இந்த வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட இந்தக் கோபுரத்தின் உயரம் 125 அடி. ஆசிரியர் அண்ணாந்து பார்த்தபடி, “கல்லுடைத்தவர்களுக்கு ஒரு கோபுரமும் இல்லை” என்றார். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்துக்கு இழுத்துவரப்பட்ட கிராமத்தவர்களின் உழைப்பு இவ்வீதியில் கிடக்கிறது. அவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் வெட்டிய வழியால்தான் நாம் இன்றும் போய் வருகிறோம்.

திரும்பும்போது, நாம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள் என்று அறிந்து, ஆசிரியர் கோகில சந்தேசயத்தைப் பற்றிப் பேசினார். பதினைந்தாம் நூற்றாண்டுச் சிங்களத் தூது காவியம் அது. தெற்கே தெவிநுவரையிலிருந்து ஒரு குயில் வடக்கே யாழ்ப்பாணத்துக்குத் தூது போகிறது. யாழ்ப்பாணத்தை வென்று அங்கிருந்த சப்புமல் குமாரனுக்கு, அதாவது நம்மவர் செண்பகப் பெருமாள் என்று சொல்லுகின்றவனுக்கு, அனுப்பப்பட்ட தூது. வென்றவனைப் பாடும் காவியந்தான். ஆயினும் குயிலுக்கு வழி சொல்லும் சாட்டில், தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போகிறான் கவிஞன். “அந்த வழியால் நான் ஒருமுறையும் போனதில்லை” என்றார் ஆசிரியர். கட்டாயம் வரவேண்டும் என்று நான் அழைத்தேன்.

பின்னேரம் வான் ஆயத்தம். முதலாளி பம்புக்குரிய கொள்விலையை மட்டும் பெற்றுக்கொண்டார். பழுது பார்த்த இளைஞரோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “இன்று போயா. இன்றைய வேலை புண்ணியத்துக்கு” என்று பணத்தைத் தொட மறுத்துவிட்டார். ஆசிரியர் வீட்டில் தேநீருக்கு விலை பேச முடியுமா? ஆக, பட்ட கடன் முழுவதும் கடனாகவே நின்றது.

வான் மலையேறத் தொடங்கி வெகுநேரம் வரை அம்மா பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்த மனிசிக்குச் சொல்லாததை இந்த மனிசிக்குச் சொல்லிப்போட்டன்.”

அந்த மனுஷி யார் என்பது எனக்குத் தெரியும். 1983இல் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணி. மூன்று இரவுகள் எங்களைத் தம் வீட்டு அறையில் ஒளித்துவைத்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம் “இங்கே எவருமில்லை” என்று சொன்னவர். நான்காம் நாள் அகதி முகாமுக்குப் போகும் வாகனம் வந்தபோது, ஏறுகிற அவசரத்தில் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாங்கள் வந்துவிட்டோம். முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். பல ஆண்டுகளின் பின்னர் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து அம்மா தேடியபோது, அந்த வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி ஒன்று நின்றது. சொல்லப்படாத அந்த நன்றியைத்தான் ஹிங்குலைக்கு அப்பால், முன்பின் அறியாத ஒரு திண்ணையில், இன்னொருவரிடம் அம்மா இறக்கிவைத்திருக்கிறார்.

நேயர்களே, இனி இலக்கியத்துக்கு வருகிறேன்.

அன்றிரவு மாத்தளையில் படுத்திருந்தபோது என் நினைவுக்கு வந்தது ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று. 102ஆவது பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகர் வண்டி பூட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ, யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடியில் ஓர் அச்சை உபரியாகக் கட்டிச் செல்கிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று தலைவனைப் புகழ்கிறார் ஔவையார். வீரனை வேலுக்கும் வேங்கைக்கும் ஒப்பிட்ட காலத்தில், வண்டியின் அடியில் புழுதி படிந்து தொங்கும் மரக்கட்டைக்கு ஒப்பிட அவருக்குத் துணிவு இருந்தது. நல்ல வழியில் அதை எவரும் கண்டுகொள்வதில்லை. உடைந்த வேளையில்தான் அதன் அருமை தெரிகிறது. அதே பாட்டின் முடிவில், அவனை நிறைமதிக்கும் ஒப்பிட்டு, அவன் நிழலில் வாழ்வோருக்கு இருள் ஏது என்றும் கேட்கிறார். நாம் வழியில் நின்ற நாளும் நிறைமதி நாள். போயா நாள்.

அடுத்ததாக நினைவுக்கு வந்தவை ஆற்றுப்படை நூல்கள். 1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். இவற்றை வள்ளல்களின் புகழ் பாடும் நூல்கள் என்றே பாடசாலையில் படித்தோம். அது உண்மைதான். ஆனால், அவை எப்படிப் புகழ்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பரிசில் பெற்ற பாணன், கொடுத்தவனிடம் திரும்பிப் போய் நன்றி சொல்லவில்லை. வழியில் எதிர்ப்படும் வேறொரு பசித்த பாணனைப் பார்த்து, “நீ இந்த வழியால் போ, இன்ன இடத்தில் இன்னார் உனக்குச் சோறு தருவார்” என்று சொல்கிறான். ஆக, பெற்ற உதவியை அடுத்த வழிப்போக்கனுக்கு வழியாக மாற்றிக் கொடுப்பதே அவனது நன்றி.

அரசனைப் பாடவந்த அந்நூல்களில் வழியில் சோறிட்ட சாதாரண மக்களுக்கும் இடமிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை உமணரின் வண்டியை விரிவாகக் காட்டுகிறது. மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியின் ஆபத்துக்களைச் சொல்லி எச்சரிக்கிறது. முன்பின் அறியாத கூத்தரை உறவினர்போல ஏற்று உபசரிக்கும் மலைவாழ் மக்களையும் சொல்கிறது. பொருநராற்றுப்படையில், பாலைப் பண்ணைக் கேட்ட வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். சரதியலின் மலையடிவாரத்தில் கருப்பட்டி தின்றவன் அதை எப்படி மறப்பான்?

இந்தக் கதையை நான் இங்கே முடித்திருக்கலாம். ஆனால் காலம் முடிக்க விடவில்லை.

நாம் வந்து நாலாம் நாள், மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்ட செய்தி வந்தது. நாலு மாதத்தில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. தம்பியின் ஒழுங்கையிலிருந்தும் பிரேதங்கள் போயின. சில கிழமைகளின் பின் அவர் வெள்ளவத்தைக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டில் இருந்த ஒருவர் முஸ்லிம்களின் கடைகளுக்கு இனிப் போகக் கூடாது என்றும், அந்த மாவனல்லைப் பக்கத்தவர்களை நம்பவே முடியாது என்றும் சொன்னார். தம்பி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கு மாவனல்லையிலை ஒராளைத் தெரியும், அண்ணை” என்றார். “போயா நாளிலை கடை திறந்து ரெண்டு பம்ப் கொண்டு வந்த மனிசன். எங்கட ஆக்களைக் கொண்டவங்களுக்கு நான் மன்னிப்புச் சொல்லமாட்டன். ஆனால் அந்த மனிசனையும் அதுக்குள்ளை போடமாட்டன்.”

அந்த நேரத்தில், அந்த வீட்டில், சொந்த ஒழுங்கையில் மரண வீடு கண்ட ஒருவர் சொன்ன வார்த்தை அது. நான் கேட்ட ஆற்றுப்படைகளில் மிகச் சிறியது அதுதான். பெற்ற உதவிக்குச் சாட்சி சொல்வதும் நன்றிதான். எல்லோரும் ஒருவரைப் பழிக்கும் வேளையில் சாட்சி சொல்வதுதான் கடினம்.

நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணிய பயணம் தள்ளித் தள்ளிப் போயிற்று. கொரோனா வந்தது. 2021இல் அம்மா காலமானார். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றோம். 2023ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின்னரே, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் குட்டான்கள் சிலவற்றுடன் அதே தம்பியின் வானில் போனோம். வானைப் பழுது பார்த்த இளைஞர் தென்கொரியாவுக்குப் போய்விட்டிருந்தார். ஆசிரியரின் துணைவியார் வாசலுக்கு வந்து, வானுக்குள் எட்டிப் பார்த்து, “அம்மா எங்கே?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு விளக்கேற்றிவிட்டுத்தான் எம்முடன் பேசினார்.

மாவனல்லைக் கடையில் முதலாளி எம்மை வரவேற்றார். ஆனால், எம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போயா நாள், வெண்புகை, இரண்டு பம்புகள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். சங்கடத்துடன் சிரித்தார். “இந்த ஏத்தத்தில எத்தனையோ வான் நிக்கும், தம்பி. நீங்க சொல்றது எந்த வான் என்று நினைவில்லையே” என்றார்.

முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. நான் நாலு ஆண்டாகச் சுமந்த நாள், அவருக்கு எல்லா நாட்களையும் போன்ற ஒரு நாள். எத்தனையோ வானுக்குச் செய்ததில் எம்முடையதும் ஒன்று. செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நினைவில் வைக்கும் கடமையைப் பெற்றவன் தலையிலேயே ஏற்றினார். கொடுத்தவர் மறந்துவிடலாம். நாம் மறக்கலாகாது.

ஆகவே, நேயர்களே, கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் ஹிங்குலை தாண்டியதும் சற்று மெதுவாகப் போங்கள். அம்பலத்தில் இறங்கி இளைப்பாறுங்கள். குடைந்த பாறையினூடாகப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். கோபுரத்தைப் பார்க்கும்போது கல்லுடைத்தவர்களையும் நினையுங்கள். உங்கள் வாகனம் அங்கே நின்றுபோனால், பயப்பட வேண்டாம். தமிழிலேயே பேசுங்கள். மேலேயுள்ள வீட்டிலிருந்து யாராவது இறங்கி வருவார்கள்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வாசலுக்கு முன்னால், வெளியூர் வாகனம் ஒன்று மூடியைத் திறந்தபடி நின்றால், நீங்களும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.